பழைய கதவு எண்

அன்று என் சட்டைப்பையில் ஓர் அட்டை இருந்தது. அசல் அட்டை அல்ல. அதை அலுவலகத்தை விட்டு வெளியே கொண்டுவர யாருக்கும் உரிமை கிடையாது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், பெயரையும் கதவு எண்ணையும் விட்டுவிட்டு என் கையால் எழுதிக்கொண்ட பிரதி. பெண், வயது 42. கருப்பை வாய்ப் புற்று. மூன்றாம் நிலை. வட சென்னை முகவரி. சிகிச்சை என்ற கட்டத்தில் கதிர்வீச்சு என்று எழுதி, அதன் கீழே கேஸ் ஷீட்டில் இருந்த கடைசிச் சொல்: வரவில்லை.

ஐப்பசி மாதம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. புற்றுநோய்க்கென்று தனிக் கட்டடம் வைத்திருக்கும் ஒரு மருத்துவமனையில், மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய் ஆய்வுக்குப் புதிதாக ஒரு துறை தொடங்கியிருந்தார்கள். அதற்குத் தலைவர் வேண்டும். தேர்வுக்குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் டாக்டர்கள். ஐந்தாவது நாற்காலியில், புற்றுநோய்ப் பதிவேட்டு வேலையிலேயே தலை நரைத்த நான். ஊரையும் மருத்துவமனையையும் இங்கே சொல்லப் போவதில்லை. அதே விளம்பரத்தை வேறு ஊர்களிலும் பார்த்திருக்கிறேன்.

விளம்பரத்தை எனக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். எம்.டி. பட்டம் கட்டாயம். இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், வெளியிலிருந்து ஆராய்ச்சி நிதி கொண்டுவந்த அனுபவம், இத்தனை வருஷம் கற்பித்த அனுபவம். ஒரு வீட்டுக் கதவையாவது தட்டியிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. கடைசி வரி வரை பார்த்துவிட்டுத்தான் அந்த அட்டையைத் தேடி எடுத்தேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது 1980-களின் நடுவில். அதற்குச் சில வருஷம் முன்னால்தான், 1982 ஜனவரி 1 அன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியத் திட்டத்தில் பம்பாய், பெங்களூர், சென்னை மூன்று ஊர்களிலும் புற்றுநோய்ப் பதிவு தொடங்கியிருந்தது. பம்பாய்க்கு அது புதிதல்ல. அங்கே 1963-லிருந்தே பதிவேடு உண்டு. சென்னையில் நாங்கள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். புற்றுநோயைக் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அப்போது கிடையாது. தகவல் நம்மைத் தேடி வராது, நாம்தான் போக வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில் தூசியில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டைப் புரட்டுவோம். பேத்தாலஜி லேபில் பயாப்ஸி நோட்டு. மாநகராட்சி அலுவலகத்தில் இறப்புப் பதிவு. வார்டில் படுத்திருப்பவர்களிடம் நேரிலேயே பேச்சு.

அப்படிப் பேசும்போது நாங்கள் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “இந்த ஊருக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?” குறைந்தது ஒரு வருஷமாவது சென்னையில் வசித்தவர்தான் சென்னைக் கணக்கில் சேருவார். வைத்தியத்துக்காக விழுப்புரத்திலிருந்தும் நெல்லூரிலிருந்தும் வருகிறவர்கள் மைத்துனன் வீட்டு முகவரியைத்தான் கொடுப்பார்கள். உள்ளூர்க்காரர் என்றால் கவனிப்பு கூடும் என்ற நினைப்பு. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அவர்களையெல்லாம் சேர்த்து எண்ணினால், சென்னையில் இல்லாத நோய் சென்னையில் இருப்பதாகிவிடும். விழுப்புரத்தில் இருக்கும் நோய் யார் கண்ணுக்கும் படாது. மேலே நோயாளிகளின் எண்ணிக்கை, கீழே அந்த ஊரின் மக்கள்தொகை. அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கும் ஒவ்வொருவரும் கீழே இருப்பவர்களில் ஒருவராக இருந்தாக வேண்டும். என் தொழில் முழுவதுமே இந்த ஒரு வாக்கியம்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அட்டையில் இருக்கும் பெண்ணை லட்சுமி என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் அட்டைப் பெட்டிகளில் எத்தனை லட்சுமிகள்! நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் இனிஷியல், அதுவும் கல்யாணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஓர் ஆஸ்பத்திரியில் ‘லட்சுமி, 42’. இன்னொன்றில் ‘எல். அம்மாள், 45’. இருவரும் ஒருவரா, வேறு வேறா? முகவரியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். முகவரியிலோ பழைய கதவு எண், புதிய கதவு எண். ஒரே தெருவில் 14 என்று இரண்டு வீடுகள் இருக்கும், ஒன்று பழைய 14, மற்றது புதிய 14. கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்தச் சிக்கல் போகவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

லட்சுமியைத் தேடி நான் வியாசர்பாடிக்கு முதலில் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாம் முறை அதே வாசலில் வேறொரு குடும்பம் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ யாரு தம்பி? கடன்காரனா?” ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் குரல் தணிந்தது. “அவ எங்கயோ ஊருக்குப் போய்ட்டாப்பா. அது அவ தம்பி வீடு.” தம்பி வீடு என்ற ஒரு சொல்லில் இரண்டு கேள்விகள் தொக்கி நின்றன. அவள் சென்னைக்காரியா? இப்போது உயிரோடு இருக்கிறாளா?

சுற்றிச் சுற்றி அங்கேயே போய்விடுகிறேன். நேர்காணலுக்கு வருகிறேன்.

முதலில் வந்தவர் வெளிநாட்டில் பத்து வருஷம் இருந்தவர். கட்டுரைகளின் பட்டியலே ஒரு புத்தகம் போலிருந்தது. வெறும் பட்டியல்காரர் என்று நினைத்துவிட வேண்டாம், அபாரமான மூளை. திண்டுக்கல் ஆய்வைப் பற்றிக் கேட்டேன். 2007-ல் லான்செட்டில் வந்தது அது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்கு நர்ஸ்களே கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெண்மையாக மாறுகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்த ஆய்வு. ஏழை நாடுகளுக்கு எவ்வளவு பெரிய வாசலைத் திறந்துவிட்ட ஆய்வு அது! அவர் உடனே சொன்னார்: அந்தப் புற்றால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. சரியான விடை.

“எத்தனை பெண்களைக் கூப்பிட்டாங்க?” என்றேன். அதையும் சொன்னார்: 49,311. எத்தனை பேர் வந்தார்கள்? 31,343. அதுவும் சரி. “வராத 18,000 பேர்?” கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர்களையும் சேர்த்துத்தான் அந்த 35 கணக்கிடப்பட்டது, அதனால் முடிவு பாதிக்கப்படாது என்றார். புள்ளியியல்படி ஒரு குறையும் சொல்ல முடியாத பதில். ஆனால் அந்தப் பெண்கள் ஏன் வரவில்லை என்ற பக்கம் அவர் மனம் திரும்பவே இல்லை. களையெடுப்பு நாளா, மாமியார் விடவில்லையா, மாதவிலக்கா, ஒரு நர்ஸ் முன்னால்கூடப் புடவையை ஒதுக்கக் கூச்சமா? அடுத்த முறை அந்தக் கிராமத்துக்குப் போகும் குழுவை நடத்தப் போகிறவர் இரவில் தூங்காமல் புரண்டு யோசிக்க வேண்டிய விஷயம் அது.

எனக்கு ஹில்லின் நினைவு வந்தது. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவை 1950-ல் ரிச்சர்டு டாலுடன் சேர்ந்து எழுதியவர். லண்டன் ஆஸ்பத்திரிகளில் சமூகப் பணியாளர்களை அனுப்பி, நுரையீரல் புற்று வந்தவர்களையும் வேறு நோய்க்காகப் படுத்திருந்தவர்களையும் ஒரே கேள்விகளால் விசாரித்தார்கள். புற்று வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் இரண்டே பேர். தாரும் மோட்டார் புகையும்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்துத் தொடங்கியவர் டால். ஆய்வு முடிவதற்குள்ளேயே தன் சிகரெட்டை நிறுத்திவிட்டார். பிறகு 1951-ல் பிரிட்டனில் இருந்த டாக்டர்கள் ஏறக்குறைய 60,000 பேருக்குக் கடிதம் போட்டார்கள். சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள். அவர்களை ஐம்பது வருஷம் பின்தொடர்ந்தது அந்த ஆய்வு.

இதில் என்னை எப்போதும் நெகிழ வைப்பது வேறு விஷயம். ஹில் டாக்டர் இல்லை. டாக்டராக விரும்பியவர், முதல் உலகப் போர்க் காலத்தில் காசநோயில் விழுந்தார். படுக்கையில் கிடந்தபடி அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டத்தோடுதான் மருத்துவப் புள்ளியியலின் உச்சிக்குப் போனார். 1948-ல் ஓர் இளம் டாக்டரைத் தேர்ந்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1961-ல் தான் ஓய்வு பெற்றபோது தன் பிரிவின் தலைமையை அந்த டாலிடமே ஒப்படைத்தார். பதின்மூன்று வருஷம் கூடவே வேலை பார்த்துப் பழகிய கையிடம் சாவியைக் கொடுத்தார். என் மடியில் இருந்த விளம்பரத்தை ஹில் நிரப்பி அனுப்பியிருந்தால் முதல் சல்லடையிலேயே விழுந்திருப்பார். இதை அன்று குழுவில் சொன்னேன். குழுத் தலைவர் தலையை ஆட்டினார். விதி விதிதான் என்றார்.

ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் டாக்டரும் ஹில்லுக்கு முன்பே இதே வழியில் நடந்தவர். 1926-ல் மார்பகப் புற்று வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோய் வந்தவளைப் புரிந்துகொள்ள நோய் வராதவளிடமும் போய்க் கேட்க வேண்டும் என்பது இன்று பாடப்புத்தகம். அன்று அது எவ்வளவு புதிய எண்ணமாக இருந்திருக்கும்!

நம் ஊரில் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் உண்டு. இறந்தவர் வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்டு பீட்டோ முதலானவர்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டில் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளும், உயிரோடு இருந்த 35,000 ஆண்களும் இருக்கிறார்கள். புகை எவ்வளவு காசநோய் இறப்புக்குக் காரணம் என்பது அதில்தான் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அந்த மாதிரி வேலையில் ஒரு பையன் வாசலில் நின்று, மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் “ஐயா பீடி குடிப்பாங்களா?” என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? துறைத் தலைவர்தான்.

இரண்டாவதாக வந்தவர் அறுவை மருத்துவர். நல்ல மனிதர். நிர்வாகப் பதவி வேண்டியிருந்தது அவருக்கு. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதாக வந்த பெண் நனைந்திருந்தார். புடவைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு உள்ளே வந்தார். புள்ளியியலில் முனைவர் பட்டம். எம்.டி. இல்லை. ‘விதிவிலக்குக்குப் பரிசீலிக்கலாம்’ என்று யாரோ பென்சிலில் எழுதியிருந்ததால் அழைத்திருந்தார்கள். கிராமப்புறப் பதிவேடு ஒன்றில் பன்னிரண்டு வருஷம், எல்லாமே ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிப்பது. கட்டுரைகள் இருந்தன, ஆனால் பாதியில் அவர் பெயர் நடுவில்தான்.

மக்கள்தொகைக் கணக்கைப் பற்றிக் கேட்டார் குழுத் தலைவர். 2011-க்குப் பிறகு அதுவரை கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய்விட்டது. கீழே வைக்கும் எண்ணை எங்கிருந்து எடுப்பீர்கள்? முந்தைய இரண்டு கணக்கெடுப்புகளிலிருந்து மதிப்பிடுவதைச் சொன்னார். அதோடு, மதிப்பீடு எங்கே ஏமாற்றும் என்பதையும் சொன்னார். சென்னை மாநகராட்சியின் பரப்பு 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனதை உதாரணம் காட்டினார். எல்லை நகர்ந்தது தெரியாமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டால், நோய் பெருகியதாகவோ குறைந்ததாகவோ தோன்றிவிடும் என்றார். பேசும்போது மேஜைமேல் விரலால் எல்லைக்கோடு வரைந்தார்.

நான் அட்டையை எடுத்து அவர் முன் நகர்த்தினேன். “ஆறு வருஷம் கழிச்சு உயிர்வாழ்வு ஆய்வு செய்றோம். இந்தக் கேஸை எங்க போடுவீங்க?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. 1998-ல் லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வளரும் நாடுகளில் புற்றுநோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. சென்னை, பெங்களூர், பம்பாய், மகாராஷ்டிரத்தின் பார்ஷி நான்கும் அதில் உண்டு. பணக்கார நாடுகளில் இறப்புப் பதிவோடு பொருத்திப் பார்த்தால் போதும், பொருந்தாதவர் உயிரோடு இருக்கிறார் என்று கொள்ளலாம். நம் ஊரில் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? கடைசிக் காலத்தில் சொந்த ஊருக்குப் போய்விடுகிறவர்கள், இறப்பு பதியப்படாதவர்கள் எல்லோரும் காகிதத்தில் உயிரோடு இருப்பார்கள். தேடாத பதிவேட்டில் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள். அதனால்தான் கடிதம் போட்டோம். பதில் வராத இடங்களுக்கு நடந்தோம். கிடைத்த விழுக்காடுகள் மனதைப் பிசைந்தன, ஆனால் அவை உண்மையான விழுக்காடுகள். சென்னையில் 1980-களில் பெண்களுக்கு முதலிடத்தில் இருந்த கருப்பை வாய்ப் புற்று பாதிக்கும் கீழே இறங்கியதையும், மார்பகப் புற்று அதைத் தாண்டி மேலே போனதையும் இன்று ஒருவர் நம்பிச் சொல்ல முடிகிறதென்றால், யாரோ வெயிலில் நடந்ததால்தான்.

அந்தப் பெண் அட்டையை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். “தேடிப் பார்க்காம எங்கயும் போட மாட்டேன் சார். தேடியும் கிடைக்கலேன்னா, கடைசியா பார்த்த தேதியோட நிறுத்திக்குவேன். உயிரோட இருக்காங்கன்னு எழுத மாட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “இந்த மாதிரி கேஸ் எத்தனைன்னு தனியா எழுதி, ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலயே போடுவேன்” என்றார்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். எம்.டி. இல்லாதவரைத் தலைவராக நியமிக்க நிர்வாகம் ஒப்பவில்லை. டாக்டர்கள் அவருக்குக் கீழே எப்படி வேலை செய்வார்கள் என்று கேட்டார்கள். துணைப் பதவி ஒன்று, அதுவும் மூன்று வருஷ ஒப்பந்தத்தில், தரலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். முதலில் வந்தவருக்கு ஆணை அனுப்பினார்கள், அவர் வேறிடத்தில் சேர்ந்துவிட்டார். அடுத்த ஆடியில் அதே விளம்பரம், ஒரு சொல்கூட மாறாமல், மறுபடி நாளிதழில் வந்தது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. துறைக்கு அறைகள் ஒதுக்கியாயிற்று, கம்ப்யூட்டர்களும் வந்து இறங்கிவிட்டன. கதவில் பெயர்ப்பலகை மட்டும் காலி. ஒரு வருஷம் தாமதம் என்றால் ஒரு வருஷத்து நோயாளிகளின் தடம் அழிந்துபோகிறது என்று பொருள். வாடகை வீடு மாறுகிறது, கைப்பேசி எண் மாறுகிறது, எதிர்வீட்டுப் பாட்டி இறந்துபோகிறார்.

நேர்காணல் முடிந்து நான் கீழே இறங்கியபோது மழை விட்டபாடில்லை. போர்ட்டிகோவில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பஸ் நிலையத்தில் விட மருத்துவமனைக் கார் வந்திருந்தது. அவர் வணக்கம் சொல்லிவிட்டுத் தயங்கினார்.

“சார், கேட்கலாமான்னு தெரியல. அந்த அம்மா கிடைச்சாங்களா?”

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கிடைச்சாங்க என்றேன். தெருமுனையில் பூக்கட்டும் அக்கா ஒருவர் மூலம், தம்பி கொடுங்கையூருக்குக் குடிபோனது தெரிந்தது. லட்சுமி சென்னையில் ஒன்பது வருஷம் இருந்தவள், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். சென்னைக் கணக்கில் சேர வேண்டியவள்தான். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் அம்மா வீட்டில், சிகிச்சை நின்ற பிறகு வந்த தை மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“இறப்பு அங்கதான் பதிவாகியிருக்குமா?”

“பதிவே பண்ணலம்மா.”

“ஏன் சார் பாதியில நின்னுட்டாங்க?”

தம்பி சொன்னதை அப்படியே சொன்னேன். கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க தினமும் காலையில் போக வேண்டும். பஸ் மாறிப் போய் வரிசையில் உட்கார்ந்து திரும்ப மதியம் ஆகிவிடும். இரண்டு வீட்டில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் சம்பளத்தைப் பிடித்தார்கள். சின்னப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

“எத்தனை நாள் வெச்சாங்க?”

“பதினொண்ணு.”

“இருபத்தஞ்சு வெச்சிருக்கணும்” என்றார். மழையைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் கழித்தார் போலும். “மிச்சம் பதினாலு நாள். ஆஸ்பத்திரி பக்கத்துல அந்தக் குழந்தையோட தங்க ஓர் இடம் இருந்திருந்தா…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

கார்க்காரர் இரண்டாம் முறை ஹாரன் அடித்தார். நான் ஏறவில்லை. கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார் அவர், ஓரம் நனைந்திருந்தது. இன்னும் யார் யாரைத் தேடிப் போனீர்கள், சொல்லுங்கள் சார் என்றார்.